சொட்டு நீலம்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆணி அதிகம். (எல்லாரும் சொல்ற பொய்தான். ஆனா எனக்கு நிஜமாவே அதிகம். நம்புங்க.)

ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு எங்க வீட்டு மொட்டை மாடிக்கு வந்தீங்கன்னா ஆறு பெருசுங்க வரிசையா மேசை போட்டு உக்காந்து பெயிண்ட்டை அப்பிக்கிட்டு இருப்பாங்க. எல்லாருக்கும் அறுபத்தஞ்சுக்கு மேல. வாத்தியார் யாருன்னா, அடியேன்தான். பொட்டி தட்டுறதுக்கு சம்பளம் வாங்குறேன், இதுக்கு டீ வாங்கிக் குடுக்குறேன். வீடு நாகமலை புதுக்கோட்டைல. மாடில நின்னா நாகமலை பாம்பு மாதிரி நீளமா படுத்துக் கிடக்கும். அது ஒண்ணுதான் எங்க வகுப்புக்கு வசதி. மத்ததெல்லாம் ஊறுகாய் டப்பாவும் பழைய பனியன் துணியும்.

இது எப்படி ஆரம்பிச்சதுன்னு கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். சென்னைல வேலை பாத்தப்ப ஒரு சனிக்கிழமை ஈஞ்சம்பாக்கம் பக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போனேன். 1966ல கே.சி.எஸ். பணிக்கர் தன்கூட இருந்த ஓவியர்களச் சேத்துக்கிட்டு ஆரம்பிச்ச இடம். நான் போனது படம் பாக்க இல்ல, கூட வந்த பொண்ணு கூப்பிட்டதால. (அது தனிக் கதை, தோல்விப்படம், விட்ருங்க.) ஆனா அங்க அரூப ஓவியங்கள் முன்னாடி நின்னப்ப என்னமோ ஆச்சு. அப்புறம் படிச்சுப் பாத்தா அச்சுதன் கூடல்லூர்னு ஒருத்தர். சிவில் இன்ஜினியர். சென்னைல வேலை பாத்துக்கிட்டே மெட்ராஸ் ஆர்ட் கிளப்புல போய் வரைஞ்சு பழகி, தென்னிந்தியாவோட முக்கியமான அரூப ஓவியர்கள்ல ஒருத்தர் ஆயிட்டார். 2022ல இறந்து போனார். ஒரு இன்ஜினியரே பண்ணிருக்கார், நமக்கென்னன்னு ஒரு வார இறுதி வகுப்புல சேந்து ரெண்டு வருஷம் பழகினேன். பெரிய திறமைலாம் இல்ல. ஆனா எங்க ஆரம்பிக்கணும்னு தெரியும்.

அப்புறம் கம்பெனி வீட்டுல இருந்தே வேலை பாக்க விட்டதும் மதுரைக்கு வந்துட்டேன். வீட்டுல அப்பத்தா. வயசு எழுபத்தெட்டு. தாத்தா 1991ல போனதுலேருந்து வெள்ளைச் சேலை. நாள் முழுக்க திண்ணைல உக்காந்து ரோட்டப் பாத்துக்கிட்டே இருக்கும். எதுத்த வீட்டு ரயில்வே தாத்தா அவர் வீட்டுத் திண்ணைல இருந்து அதே ரோட்டப் பாப்பார். ரெண்டு பக்கத்துலேருந்தும் பாக்கிற அளவுக்கு அந்த ரோட்டுல ஒண்ணும் இல்லைங்க. போன வருஷம் ஆடி மாசம் ஒரு நாள் ரெண்டு பேரையும் மாடிக்கு கூட்டிட்டுப் போனேன். அவங்க போய் இன்னும் நாலு பேரச் சேத்துட்டாங்க.

மொத வாரம் படுதோல்வி.

புத்தகத்துல படிச்ச மாதிரி "உங்க மனசுல இருக்கிறத வெளிப்படுத்துங்க"னு சொன்னேன். ஆறு பேரும் என்னப் பாத்தாங்க. ரயில்வே தாத்தா ஸ்கேல் கேட்டு வாங்கி ஒரு ரயில் வரைஞ்சார், பெட்டிக்கு எத்தனை சன்னல்னு எண்ணி எண்ணி. தமிழ் வாத்தியாரா இருந்து ஓய்வு பெற்ற ஐயா, நாம எல்லாரும் ரெண்டாங்கிளாஸ்ல வரைஞ்சோமே, ரெண்டு மலை, நடுவுல சூரியன், ஒரு ஆறு, ஓரமா தென்னமரம், குடிசை, அதையே வரைஞ்சு கீழ "இயற்கை அன்னை"னு எழுதினார். பாட்டிங்க ப்ரஷ்ஷயே தொடல. அப்பத்தா சொன்னது: "மனசுல என்னாடா இருக்கு? காலைல தின்ன இட்லிதான் இருக்கு."

நியாயம்தானே? நம்ம ஆஃபீஸ்ல மேனேஜர் வந்து "உங்க மனசுல இருக்கிறத கோடா எழுதுங்க"ன்னா நமக்கு எழுத வருமா? தேவை என்னன்னு சொல்லணும், கட்டுப்பாடு என்னன்னு சொல்லணும். ரெண்டாவது வாரம் அப்படியே மாத்தினேன். படம் போடக் கூடாது. ரெண்டே கலர். தாளோட நாலு ஓரத்தையும் கலர் தொடணும். பத்து நிமிஷம்தான். முடிஞ்சா டீ. தப்புன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. (இந்தக் கடைசி விதிய ஞாபகம் வச்சுக்கோங்க, அப்புறம் வருவேன்.)

அன்னைக்கு மாடி ஒரே சத்தம்.

பொம்பளைங்க சட்டுனு பிடிச்சுக்கிட்டாங்க, ஆம்பளைங்கதான் தடுமாறினாங்க. ஏன்னு யோசிச்சா விஷயம் ரொம்ப சுலபம். ஐயா "இது எதோட படம்? எதுவுமா இல்லாத ஒண்ணு எப்படி படமாகும்?"னு என்னைக் குடைஞ்சுக்கிட்டு இருந்தப்ப, கீழ வாசல காட்டினேன். "சிக்குக் கோலம் எதோட படம் ஐயா?" ஐயா ரெண்டு நிமிஷம் பேசல. புள்ளி வச்சு, சுத்தி இழுத்து, தொடங்கின இடத்துல கொண்டு வந்து முடிக்கிற கோடு எதோட படமும் இல்ல. இதுல நம்ம துறைக்காரங்களுக்கு ஒரு தகவல்: சென்னை கிறிஸ்தவக் கல்லூரியோட கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974லயே கோலத்தோட இலக்கணத்த கம்ப்யூட்டருக்கான விதிகளா எழுதி ஆய்வுக்கட்டுரை போட்டுட்டாங்க. பாட்டிங்க வாசல்ல போட்டது அல்காரிதம்னு பாட்டிங்களுக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது, பரீட்சைக்கு வரலைல்ல.

ஐயாவுக்கு அடுத்த சந்தேகம், எது மேல எது கீழன்னு. அதுக்கு மத்தீஸ் கதைய சொன்னேன். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941ல பெரிய ஆபரேஷன் ஆகி, அப்புறம் பெரும்பாலும் கட்டில்லயும் சக்கர நாற்காலிலயும்தான். கத்தரிக்கோல எடுத்து கலர் அடிச்ச தாள வெட்டி ஒட்ட ஆரம்பிச்சார். 1953ல, 83 வயசுல வெட்டி ஒட்டினது 'படகு'ங்கிற படம். அவர் செத்தப்புறம் 1961ல நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்துல அத தலைகீழா மாட்டிட்டாங்க. 47 நாள் யாருக்கும் தெரியல. பாக்க வந்த ஒரு அம்மாதான் கண்டுபிடிச்சாங்க. இதச் சொன்னதுலேருந்து ஐயா தன் படத்துக்கு அம்புக்குறி போட்டு "மேல்"னு எழுதிர்றார். சொன்னா கேக்க மாட்டார்.

இவங்கள்ல சௌராஷ்டிரா பாட்டி ஒருத்தங்க. மகன் இங்க வீடு கட்டினதால டவுன்லேருந்து வந்தவங்க. சின்ன வயசுலேருந்து சுங்குடிக்கு முடிச்சுப் போட்டவங்க. மதுரைச் சுங்குடிக்கு 2005ல புவிசார் குறியீடு கிடைச்சப்ப பேப்பர்ல வந்துச்சு, ஆனா முடிச்சுப் போட்ட கைக்கு அதனால என்ன வந்துச்சுன்னு அவங்க கிட்ட கேட்டா சிரிப்பாங்க. துணிய விரல் நுனில கிள்ளி எடுத்து நூலச் சுத்தி இறுக்கணும். சாயத்துல முக்கி அப்புறம் அவுத்தா, முடிச்சு இருந்த இடம் வெள்ளைப் புள்ளியா நிக்கும். ஆயிரக்கணக்குல. எல்லாம் கூலிக்கு, அச்சு வச்ச இடத்துல. ப்ரஷ் வேணாம்னுட்டாங்க. ஒரு வெள்ளைத் துணியக் குடுத்து "அச்சு கிடையாது பாட்டி, உங்களுக்கு எங்க தோணுதோ அங்க கட்டுங்க"ன்னேன். ஒரு மணி நேரம் துணிய மடில வச்சுக்கிட்டு சும்மாவே உக்காந்திருந்தாங்க. நான் ஏதோ தப்பாச் சொல்லிட்டேன்னு பயந்துட்டேன். கிளம்புறப்ப ஒரே ஒரு முடிச்சு, துணியோட ஒரு மூலைல. அடுத்த வாரம் வீட்டுலேருந்து நூறு முடிச்சோட வந்தாங்க. எல்லாம் அதே மூலைலேருந்து எறும்புச் சாரி மாதிரி கிளம்பி நடுவுல வந்து நின்னுடுச்சு. ஏன் நின்னுச்சுன்னு நான் கேக்கல. அவங்களும் சொல்லல.

இப்ப அப்பத்தா கதை. பதிவே இதுக்குத்தான்.

கலரெல்லாம் பெரிய பாட்டில்ல வாங்கி, ஒரே மாதிரி ஊறுகாய் டப்பாக்கள்ல ஊத்தி வச்சுருவேன். மேல லேபிள் கிடையாது. திறந்தா கலர் தெரியப் போகுது, லேபிள் எதுக்குன்னு நினைப்பு. அப்பத்தாவுக்கு விரல் மடங்காதுன்னு சுவருக்கு சுண்ணாம்பு அடிக்கிற ப்ரஷ் ஒண்ணு, காம்புல துணி சுத்திக் குடுத்திருந்தேன். மூணு மாசமும் அது வரைஞ்சதெல்லாம் ஒரே மாதிரி. தாள் முழுக்க கறுப்பும் கரு நீலமும். திட்டுத் திட்டா ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்து, மழைக்கு முந்தின ராத்திரி மாதிரி. வேற கலரத் தொடாது.

நான் கரைஞ்சு போயிட்டேங்க. முப்பது வருஷத்துக்கு மேல வெள்ளைச் சேலை கட்டின பொம்பளை, கைல கலரக் குடுத்தா ராத்திரிய வரையுது. வாசல்ல கோலம் போட விடாத வீடு, நல்ல காரியத்துல ஓரமா நிக்க வச்ச ஊரு, அந்த துக்கமெல்லாம் தாள்ல இறங்குதுன்னு நினைச்சேன். எட்டு படத்த அறை சுவர்ல வரிசையா ஒட்டி "இரவு 1", "இரவு 2"னு பேரு வச்சேன். (ஐயாவ கிண்டல் பண்ணின அதே நான்தான்.) இதப் பத்தி ஒரு பதிவு கூட பாதி எழுதி வச்சிருந்தேன். கண்ணு கலங்கி எழுதினது. நல்லவேளை போடல.

ஐப்பசில ஒரு ஞாயிறு. ரயில்வே தாத்தாவுக்கு நீலம் தீந்து போச்சு. "அப்பத்தா, உன் பக்கத்துல இருக்கிற நீல டப்பாவ எடு"ன்னேன். கறுப்ப எடுத்து நீட்டுச்சு. "இது இல்ல, நீலம்"னேன். வச்சுட்டு, ரெண்டையும் திறந்து உத்துப் பாத்துட்டு, மறுபடி கறுப்பையே குடுத்துச்சு. நான் சிரிச்சேன். அது சிரிக்கல. கடுப்பாயிடுச்சு.

"ரெண்டும் ஒண்ணுதானடா. எதுக்கு ரெண்டு வாங்கி வச்சுருக்க?"

அப்பதான் அப்பத்தாவுக்குப் பின்னாடி கொடியப் பாத்தேன். அதோட சேலை மூணு காயுது. வெள்ளைச் சேலைன்னு நாங்க சொல்றோமே ஒழிய, அது வெள்ளையே இல்ல. வானத்தவிட நீலமா இருந்துச்சு.

அந்த சொட்டு நீலச் சண்டை எங்க வீட்டுல ரெண்டு வருஷமா நடக்குது. அப்பத்தா தன் சேலையத் தானேதான் அலசும். பக்கெட் தண்ணில ரெண்டு சொட்டு ஊத்த வேண்டிய இடத்துல பாட்டிலக் கவுத்துரும். அம்மா, "அத்தை, நீலத்த இப்படிக் கொட்டினா எப்படி? திட்டுத் திட்டா நிக்குது பாருங்க"னு சொல்லும். அப்பத்தா, "மஞ்சளடிச்சுக் கிடக்கு, ஒனக்கென்ன தெரியும்"னு சொல்லும். அப்பா, "ஆத்தாவுக்கு வயசாக வயசாகப் பிடிவாதம் கூடுது"ன்னு பேப்பர மடிச்சு வச்சுட்டுப் போயிருவார். நானும்தான் சிரிச்சிருக்கேன். யாருக்கும் தோணல, அதுக்கு அந்த நீலம் தெரியவே இல்லைன்னு.

அந்த வாரமே அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனோம். ரெண்டு கண்ணுலயும் முத்தின புரை. டாக்டரம்மா விளக்கினாங்க: வயசாக வயசாக கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் மஞ்சளாகி, சிலருக்குப் பழுப்பாயிரும். மஞ்சக் கண்ணாடி போட்ட மாதிரி. நீல வெளிச்சத்த அது தடுத்துரும். வெள்ளை அழுக்கா தெரியும், கரு நீலம் கறுப்பா தெரியும். பையப் பைய வர்றதால உள்ள இருக்கிறவங்களுக்கே தெரியாது. "ஏன் பாட்டி யார்கிட்டயும் சொல்லல?"ன்னாங்க. "வயசானா ஒலகம் மங்கித்தான போகும்"னுச்சு அப்பத்தா.

ஓவியர் மோனேவுக்கும் இதே கதைதான். 1912ல புரைன்னு தெரிஞ்சும் பயந்துக்கிட்டு பதினோரு வருஷம் தள்ளிப் போட்டு, 1923ல ஒரு கண்ணுக்கு மட்டும் ஆபரேஷன் பண்ணிக்கிட்டார். நடுவுல வரைஞ்ச தோட்டமெல்லாம் செங்கலும் பழுப்புமா எரியும். ட்யூப் மேல இருக்கிற பேரப் படிச்சுத்தான் கலர் எடுத்தாராம். அதப் படிச்சப்ப எனக்கு சுருக்குன்னுச்சு. லேபிள் கூட இல்லாம டப்பாவ நீட்டினவன் நான். தாகூர் இருக்காரே, கவிதைல அடிச்ச வரிகள இணைச்சு உருவம் பண்ண ஆரம்பிச்சு, அறுபது தாண்டி ஓவியராகி, 1930ல எழுபதை நெருங்குறப்ப பாரிஸ்ல மொத கண்காட்சி வச்சவர். அவருக்கு செவப்பு பச்சை சரியா பிரிச்சுத் தெரியாம இருந்திருக்கும்னு ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. பாக்கிற நாம அதுல என்னென்ன சோகத்தையும் தத்துவத்தையும் கண்டுபிடிச்சிருப்போமோ!

'தப்புன்னு ஒண்ணு கிடையாது'ன்னு நான் போட்ட விதியால, ஒரு தப்பு மூணு மாசம் என் கண்ணு முன்னாடியே மாட்டிக் கிடந்துச்சு. நான்தான் அதுக்கு நம்பர் போட்டேன்.

கார்த்திகைல இடது கண்ணுக்கு ஆபரேஷன். அரவிந்த ஆரம்பிச்ச டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியே 1976ல, 58 வயசுல அரசாங்க வேலைலேருந்து ஓய்வு பெற்ற பிறகு, 11 படுக்கையோட தொடங்கினவர். முடக்குவாதத்துல விரலெல்லாம் கோணிப் போயும் கத்தி பிடிச்சு ஆபரேஷன் பண்ணப் பழகினவர். உள்ள வைக்கிற லென்ஸயும் 1992லேருந்து மதுரைலயே, அவங்க ஆரோலேப்ல செய்றாங்க. இத அப்பத்தா கிட்ட சொன்னேன். "உள்ளூர் சரக்கா, அப்ப சரி"ன்னுச்சு.

கட்டுப் பிரிச்சு வீட்டுக்கு வந்து, முகம் கழுவாம ரெண்டு நாள் திண்ணைலயே இருந்துச்சு. மூணாவது நாள் காலைல மாடிப்படில இருந்து ஒரு சத்தம்:

"ஏ இவளே! யாருடி என் சேலைய இப்படி நீலத்துல முக்கினது?"

அம்மா அடுப்படில சிரிச்சது ரயில்வே தாத்தா வீட்டுக்கே கேட்டிருக்கும். சிரிச்சு முடிச்சுட்டு கொஞ்ச நேரம் முந்தானையால கண்ணத் தொடச்சுக்கிட்டு இருந்துச்சு.

அன்னைக்கு சாயங்காலம் அறைக்குக் கூட்டிட்டுப் போய் "இரவு" வரிசையக் காட்டினேன். எட்டு படத்தையும் பாத்துச்சு. மூஞ்சி சுளிச்சுச்சு. "சீ, என்னாடா இது, திட்டுத் திட்டா? நானா போட்டேன்?" "நீதான்." "நான் ஒரே கலரா மெழுகினேன்டா. ஒரு பொட்டு எடைவெளி விடாம மெழுகினேன்."

மெழுகினேன்!

அதுக்கப்புறம்தான் அந்தப் படங்கள ஒழுங்காப் பாத்தேன். கலர விட்டுட்டு கை போன தடத்த. வலது பக்கத்துலேருந்து இடது பக்கம் அரை வட்டம், அது மேல பாதி ஏறி அடுத்த அரை வட்டம், அப்படியே பின்னாடி நகந்து நகந்து தாளோட அடி வரைக்கும். சாணி மெழுகின தரைல காஞ்சப்புறம் தெரியுமே, அந்த வளைவு. கல்யாணமாகி வந்ததுலேருந்து சிமெண்ட் தரை போட்ற வரைக்கும் அப்பத்தா மெழுகின கூடம். அது எனக்கு ராத்திரியவும் காட்டல, துக்கத்தையும் காட்டல. ஒரு சுத்தமான தரையக் காட்டிக்கிட்டு இருந்திருக்கு. துக்கம் இல்லாமலும் இருந்திருக்காது. ஆனா அத நான் எழுதித் தர வேண்டியதில்ல.

டப்பாவுக்கெல்லாம் இப்ப பெருசா லேபிள் ஒட்டியாச்சு. படிக்கத் தெரியாதவங்களுக்கு மூடில அந்தக் கலர்லயே ஒரு பொட்டு.

இப்ப நடக்கிறதுதான் வேடிக்கை. வலது கண்ணு இன்னும் பழைய கண்ணு. இடது புதுசு. அப்பத்தா மேசைல உக்காந்து ஒரு உள்ளங்கையால வலது கண்ணப் பொத்திக்கிட்டு தாள்ல பாதி மெழுகும். அப்புறம் கைய மாத்தி இடது கண்ணப் பொத்திக்கிட்டு மிச்ச பாதி. ரெண்டு பாதிக்கும் தன் நீலச் சேலையத்தான் பாத்து கலர் கலக்கும். இடது பக்கம் பளீர்னு வெளுத்த நீலம். வலது பக்கம் நாகமலைல வெயில் சாயுற நேரத்துப் பாறை மாதிரி ஒரு மண்ணு. நடுவுல கோடு கிடையாது, மெழுகின வளைவுதான் ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்து நிக்கும். நான் வகுப்புல படிச்ச எந்தப் பாடத்துலயும் இது இல்ல. ஐயா கூட அதுக்குத் தலைப்பு கேக்கல. "எது மேல்?"னு மட்டும் கேட்டார்.

தை மாசம் வலது கண்ணுக்கு தேதி குடுத்தாங்க. மாட்டேன்னுடுச்சு. அப்பாவுக்கு செம கோவம். "ஆத்தா, அந்தக் கண்ணும் தெரிய வேணாமா?" "தெரியட்டும். அதையும் பண்ணிட்டா அந்தப் பழைய கலரு போயிரும்ல. இன்னும் நாலு தாளு போட்டுக்கறேன்." டாக்டரம்மாகிட்ட கேட்டேன். கொஞ்சம் தள்ளலாம், ரொம்ப விட்ராதீங்கன்னாங்க. அப்பா என்னைத்தான் முறைக்கிறார், படம் போடுன்னு கெடுத்தது நான்தானாம்.

நேத்து நாலாவது தாளும் முடிஞ்சிருச்சு. சரி, தேதி வாங்கலாமான்னேன். சித்திரைத் திருவிழா முடியட்டும்னுச்சு. அழகர் என்ன கலர்ல பட்டுக் கட்டி ஆத்துல இறங்குறார்னு ரெண்டு கண்ணாலயும் தனித்தனியா பாக்கணுமாம். எதிர்சேவைக்கே போயிரணும்னு அம்மாவையும் சௌராஷ்டிரா பாட்டியையும் இப்பவே கூட்டு சேத்தாச்சு. ஆபரேஷன் வைகாசில.

டிஸ்கி: சேலைக்கு நீலம் இப்ப அம்மாதான் ஊத்துது. ரெண்டு சொட்டு. அப்பத்தா பக்கத்துல நின்னு எண்ணுது.